முன்பனிக் காலத்துப் பட்டணமும் பாவை நோன்பும்

எம்பெருமானை நினைப்பதற்கு ஆகாத காலம் என்று ஒன்று இல்லை. ஆயினும் நினைக்க மறந்திருக்கும் சேதநனுக்கு நினைவூட்டுவதற்கென்றே ஒரு மாதத்தைத் தனியே பிரித்து வைத்தனர் முன்னோர். கதிரவன் தனுர் ராசியில் நிற்கும் மார்கழியே அம்மாதம். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ் மரபில் மார்கழியும் தையும் முன்பனிக் காலம்; வடமொழி மரபில் ஹேமந்த ருது. கீதையின் பத்தாவது அத்தியாயத்தில் கண்ணன் தன் விபூதிகளை எண்ணிச் சொல்லி வருகையில், மாதங்களுள் மார்கசீர்ஷம் தானே என்று அருளிச்செய்ததை அறியாதார் இலர்.

மானிடரின் ஓர் ஆண்டு தேவர்க்கு ஒரு நாள். தக்ஷிணாயனம் அவர்க்கு இரவு, உத்தராயணம் பகல். ஆகவே தைக்கு முந்திய மார்கழி அவர்க்கு விடியற்காலம் என்பது பெரியோர் காட்டும் கணக்கு. இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. அயன சலனத்தால் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகையாக நிலை மாறி, இன்று ஏறக்குறைய 24 பாகை வேறுபாடு ஏற்பட்டுள்ளது. எனவே கதிரவன் கண்கூடாக வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள், அதாவது மார்கழியின் முதல் வாரத்தில். இரவு நீள்வது நின்று பகல் நீளத் தொடங்கும் திருப்பம் மார்கழிக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. அங்ஙனமாயினும் சென்னையில் விடியல் முந்துவதில்லை. டிசம்பர் நடுவில் ஏறக்குறைய 6.20க்கு உதிக்கும் கதிரவன் தை பிறக்கும்போது 6.35 அளவில்தான் உதிக்கிறான். நோன்புக்கு எழுவோர்க்கு, நாள் செல்லச் செல்ல எழும் நேரத்து இருள் கூடிக்கொண்டே போகிறது. உடல் சோம்புவதற்கு நியாயம் கூடும் மாதத்தில்தான் எழுந்திருக்கச் சொன்னார்கள்.

இதற்குப் பட்டணத்தில் வாழ்வோர் ஓர் ஆட்சேபம் கூறுவதுண்டு. அதனைப் பூர்வபக்ஷமாக வைத்துப் பார்ப்பது நன்று. மார்கழி நோன்பு சிற்றூர்க்கு உரியது. அங்கே ஆறு உண்டு, பசு உண்டு, புல் நுனியில் பனி உண்டு. பட்டணத்தில் பனிக்காலம் என்பதே பெயரளவில்தான். சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 20, 21 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தூறலும் தெருவில் தேங்கிய நீருமே மாதத்தின் அடையாளம். வாசல் இல்லாத அடுக்குமாடி வீட்டில் கோலம் எங்கே இடுவது? ஆறு மணிக்குப் பால், ஏழு மணிக்குப் பிள்ளைகளின் பள்ளி, எட்டரைக்கு மின்சார ரயில் என்று ஓடுபவன் தன்னைத் திரும்பிப் பார்க்க எப்போது அமர்வது? ஓய்வு பெற்றபின் ஸ்ரீரங்கத்திலோ திருமலையிலோ ஒரு மார்கழியைக் கழித்தால் போதாதா?

இவ்வாட்சேபத்துக்கு விடை திருப்பாவையின் பிறப்பிலேயே இருக்கிறது. பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில், ஆயர்குலக் கன்னியர் ஹேமந்தத்தின் முதல் மாதத்தில் விடியற்போதில் யமுனையில் நீராடி, மணலால் உருவம் சமைத்துக் காத்யாயனியை வழிபட்ட வரலாறு வருகிறது. அந்நோன்பையே ஆண்டாள் மேற்கொண்டாள். ஆனால் அவள் வாழ்ந்தது யமுனைக் கரையில் அன்று; பாண்டிநாட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில். அவள் இடைக்குலத்தில் வளர்ந்தவளும் அல்லள். வடபத்ரசாயிக்கு நந்தவனம் அமைத்து மாலை கட்டிய பெரியாழ்வாரின் திருமகள். வில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகவும், ஊர்ப் பெண்களையே ஆய்ச்சியராகவும், வடபத்ரசாயியின் கோயிலையே நந்தகோபன் திருமாளிகையாகவும், உள்ளே கண்வளரும் பெருமானையே கண்ணனாகவும் பாவித்தாள் என்பது பூர்வாசார்யர்களின் நிர்வாகம். பாவனை முதிர்ந்து, அவள் நடையும் பேச்சுமே இடைச்சியருடையவை ஆயின என்றும் கூறுவர். மதுரைக்கும் கோகுலத்துக்கும் பயணம் போகாமல், தான் குடியிருந்த தெருவிலிருந்தே அவள் நோன்பைத் தொடங்கினாள்.

நீராட்டமும் இங்ஙனமே. ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் ஆண்டாளின் மார்கழி நீராட்டு உற்சவம் திருமுக்குளக் கரையில்தான் நடைபெறுகிறது. யமுனை இல்லாத ஊரில் குளமே யமுனை. வியாக்யான கர்த்தாக்களோ இன்னும் உள்ளே செல்கின்றனர். நீராட்டம் என்பது கண்ணனோடு கலந்து பரிமாறுதலையே குறிக்கும். அவனுடைய கல்யாண குணங்களில் ஆழ்வதே குளிர் தீர்க்கும் குளியல் என்பது அவர்கள் திருவுள்ளம். அக்குளியலுக்கு வாளியும் குழாயும் உள்ள பட்டணத்துக் குளியலறை போதாது என்று யாரும் விதிக்கவில்லை.

இனி நோன்பின் உள்ளே சிறிது நோக்குவோம். இரண்டாம் பாசுரத்தில் ஆண்டாள் செய்வனவற்றையும் தவிர்வனவற்றையும் கூறுகிறாள். பரமனை முதலில் பாடுதல், நெய்யும் பாலும் விலக்குதல், விடியுமுன் நீராடுதல், கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் தவிர்தல், பெரியோர் செய்யாதவற்றைச் செய்யாமை, பிறர்மேல் கோள் சொல்லாமை, தகுந்தவர்க்கும் இரப்பவர்க்கும் இயன்ற மட்டும் கொடுத்தல். இவற்றுள் உணவையும் அலங்காரத்தையும் பற்றிய விலக்குகள் எளியன. பிறர் கண்ணுக்குத் தெரிவன. ஆதலால் அவற்றையே எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கின்றனர். கோள் சொல்லாமை கண்ணுக்குத் தெரியாதது. அலுவலகத்தில் உடன் பணிபுரிவாரைப் பற்றி மேலாளரிடம் ஒரு சொல், மாடிப்படியில் மற்றொரு குடித்தனத்தைப் பற்றி ஒரு சொல், கைப்பேசியில் வந்த தீச்செய்தியை ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்பும் ஒரு விரலசைவு ஆகியவற்றை முப்பது நாள் விட்டிருப்பது, நெய்யையும் பாலையும் விட்டிருப்பதைவிடக் கடினம். சிற்றூரைக் காட்டிலும் பட்டணத்தில் இந்நோன்புக்கு வேலை அதிகம்.

அப்பாசுரத்தில் பலரும் விரைந்து கடந்து செல்லும் ஓர் இடம் உண்டு. உய்யும் வகையை எண்ணிப் பார்த்து அதனால் மகிழ்வதையும் அவள் நோன்பின் பகுதியாக வைத்தாள். தன்னைத் தானே சோதித்தல் என்றால் துயரத்தோடு குற்றப்பட்டியல் எழுதுதல் என்று கருதுவோர் மிகுதி. ஆண்டாளின் நோன்பில் எண்ணுதலை அடுத்து நிற்பது மகிழ்ச்சி. உய்விக்கும் பொறுப்பு தன்னுடையது அன்று, அவனுடையது என்று தெளிந்தவர்க்கே தன் குறையை எண்ணிப் பார்க்கும் துணிவு பிறக்கும்; அத்தெளிவு இல்லாதவர் குறையை மறைக்கவே முயல்வர். சரணாகதி சாஸ்திரத்தின் சாரம் இவ்விடத்தில் மறைந்து கிடக்கிறது.

மூன்றாம் பாசுரம் நோன்பின் பயனைச் சொல்கிறது. பயன் நோற்பவளுக்கு அன்று, நாட்டுக்கு. கேடு விளைவிக்காத மழை மாதந்தோறும் பெய்யவேண்டும், பயிர் ஓங்கவேண்டும், பசுக்கள் குடம் நிறையப் பால் சுரக்கவேண்டும் என்பது பிரார்த்தனை. மழை வேண்டும், ஆனால் அது தீங்கில்லாத மழையாக வேண்டும் என்ற இந்த அடைமொழியின் அருமையைச் சென்னைவாசிகள் 2015ஆம் ஆண்டு அறிந்துகொண்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளிவந்த வெள்ளமும் அடையாற்றின் இருகரையையும் மூழ்கடித்தன. மார்கழி பிறக்க அப்போது இரண்டு வாரமே இருந்தது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்து மாடிகளில் சிக்கியவரை மீட்டனர். ஆண்டுக் கணக்கில் பெயர்கூட அறியாதிருந்த அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் சமைத்துக் கொடுத்தனர். இரண்டாம் பாசுரத்தில் சொன்ன கொடை, அழைப்பும் அறிவிப்பும் இன்றி அந்நாட்களில் நிகழ்ந்தது. மழை தீங்கானதற்கு மேகத்தை மட்டும் குறை கூறுதல் தகாது. ஏரிகளையும் கால்வாய்களையும் தூர்த்து வீடாக்கிய கைகளும் அதில் பங்குடையவை. 2003ஆம் ஆண்டு தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தன் வீட்டுக் கூரைநீர் செல்லும் குழாய் இன்று அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், மூன்றாம் பாசுரத்தைச் சேவிப்பவன் செய்துகொள்ளக்கூடிய ஒரு சோதனையே.

ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துப் பாசுரங்கள் துயிலெழுப்புதலில் செல்கின்றன. முப்பதில் பத்து, நோன்பின் மூன்றில் ஒரு பங்கு, பிறர் வீட்டு வாசலில் நிற்பதிலேயே கழிகிறது. கண்ணனைத் தான் ஒருத்தியே சென்று காண்பது ஆண்டாளுக்கு இயலாத செயல் அன்று. பகவத் விஷயம் தனியே அனுபவிக்கத் தக்கது அன்று. அடியார் குழாத்தோடு கூடியே அனுபவிக்கத் தக்கது என்பதற்காகவே இப்பத்து வீடுகளும். அவள் எழுப்பும் விதத்தையும் கவனிக்கவேண்டும். பத்துப் பெண்களும் ஒருத்தி போல் ஒருத்தி இல்லை. ஒருத்தி நோன்புக்குப் புதியவள். மற்றொருத்தி எல்லாம் அறிந்தும் அறியாதவள் போல் கிடப்பவள். ஒருத்தி மாமன் மகள். சுற்றிலும் விளக்கெரிய மெத்தையில் உறங்குபவள். அவளை விட்டு அவள் தாயிடம், உம் மகள் ஊமையோ செவிடோ என்று கேட்கிறார்கள். ஒருத்தியைப் பார்த்து, கும்பகர்ணன் தோற்றுத் தன் உறக்கத்தையும் உனக்கே தந்துவிட்டானோ என்று பரிகாசம். இன்னொருத்தியின் வீட்டிலோ எருமைகள் தாமே பால் சொரிந்து வாசல் சேறாகிக் கிடக்கிறது. தலையில் பனி விழ நிற்கிறார்கள். பதினான்காம் பாசுரத்துப் பெண், உங்களையெல்லாம் நானே வந்து எழுப்புவேன் என்று முன்னாள் மாலை வாய்வீறு பேசியவள், அவளே உறங்குகிறாள். ஒவ்வொருத்தியையும் அவளுடைய வீடும் சுற்றமும் இயல்பும் அறிந்து, அவளுக்கு உரிய சொல்லால் எழுப்புகிறார்கள்.

இப்பத்துப் பாசுரங்களைப் பட்டணத்தார் ஒலிபெருக்கி கட்டி நிறைவேற்றப் பார்ப்பது வருந்தத்தக்கது. அதிகாலை நாலரை மணிக்குக் கூம்புக் குழாயில் திருப்பாவையை முழங்கவிடுவோர், ஆண்டாளும் ஊரை எழுப்பினாள் அல்லளோ என்று சமாதானம் சொல்வர். அவள் வாசலில் நின்று பெயரிட்டு அழைத்தாள்; உள்ளே இருப்பவள் இன்னாள் என்று அறிந்து அழைத்தாள். குழாய்க்கோ எதிர் வீட்டில் இருப்பவர் நோயாளியா, இரவுப் பணி முடித்து மூன்று மணிக்குப் படுத்தவரா என்பது தெரியாது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் கூறுகின்றன. விதி இல்லாவிடினும் பாகவத அபசாரத்துக்கு அஞ்சுபவர் இதனைத் தவிர்ப்பர். மாடியில் தனியே இருக்கும் முதியவர் ஒருவரைக் கைபிடித்து அழைத்துச் சென்று சன்னிதியில் நிறுத்தினால், அது அப்பத்துப் பாசுரங்களுள் ஒன்றுக்கு உரிய கைங்கர்யம் ஆகும்.

ஆங்கிலப் புத்தாண்டும் இம்மாதத்திலேயே வருகிறது. பட்டணத்தார் பலர் அன்று புதிய தீர்மானங்களை எழுதிவைப்பதும், பொங்கல் விடுமுறைக்குள் அவற்றைக் கைவிடுவதும் வழக்கமாகிவிட்டன. ஜனவரி முதல் நாள் பெரும்பாலும் மார்கழி 16 அல்லது 17ஆம் நாளாக அமையும். அன்றைக்கு உரிய பாசுரங்களில் ஆய்ச்சியர் நந்தகோபன் மாளிகை வாயிலில் நின்று காவலனை வேண்டுகின்றனர். அல்லது உள்ளே புகுந்து நந்தகோபனையும் யசோதையையும் பலதேவனையும் எழுப்புகின்றனர். பெரிய கதவின் முன் அவர்கள் வந்து நின்றது தோழியர் பத்துப் பேரையும் திரட்டிக்கொண்ட பிறகு. டிசம்பர் 31 நள்ளிரவில் தனி ஒருவராகத் தீர்மானம் எழுதுபவர்க்கு அத்துணை வாய்ப்பதில்லை. வாசலில் வந்து, ஏன் இன்னும் எழவில்லை என்று உரிமையோடு கேட்பவர் ஒருவர் இருந்தால் எத்தனையோ தீர்மானங்கள் பிழைத்திருக்கும்.

பத்துப் பாசுரங்களில் இறுதியானதைத் திருப்பாவைக்குள் திருப்பாவை என்று பெரியோர் போற்றுவர். அது முழுவதும் உள்ளே இருப்பவளுக்கும் வெளியே நிற்பவர்க்கும் நடக்கும் உரையாடல். சொல்லுக்குச் சொல் எதிர்ச்சொல் வளர்ந்து பூசலாகப் போகும் நிலையில், உள்ளே இருப்பவள், வல்லவர்கள் நீங்களே என்று ஒப்புக்கொண்டு, உடனே, அன்றி அக்குறை என்னுடையதாகவே இருக்கட்டும் என்றும் ஏற்கிறாள். பூசல் அங்கேயே முடிகிறது. தன்னிடம் இல்லாத குற்றத்தையும் பாகவதர்கள் உண்டென்று சொன்னால் மறுக்காமல் இசைவதே ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் என்று வியாக்யானங்கள் இவ்விடத்தில் அருளிச்செய்கின்றன. கைகேயி கேட்ட வரத்தில் எப்பங்கும் இல்லாதிருந்தும், பெருமாள் காட்டுக்குப் போனதற்குத் தன் பாபமே காரணம் என்று ஏறிட்டுக்கொண்ட ஸ்ரீபரதாழ்வான் இதற்கு உதாரணம்.

நோன்பின் கடினமான பகுதி இதுவே. விடியற்காலைக் குளிர்நீர் இதன்முன் மிக எளிது. வண்டி நிறுத்தும் இடத்துக்காக இரண்டு குடித்தனங்கள் மூன்றாண்டு பேசாதிருக்கும் பட்டணம் இது. தண்ணீர்த் தொட்டி வழிந்தது யாரால், படிக்கட்டு விளக்கை அணைக்காதது யார் என்று சங்கக் கூட்டங்களில் குரல் உயர்கிறது. அங்கே ஒருவர் எழுந்து, அது அடியேன் குறையாகவே இருக்கட்டும் என்று சொன்னால் கூட்டம் திகைத்துப்போகும். இங்கே ஓர் எல்லையையும் மறத்தல் ஆகாது. இச்சொல் ஒரே நோன்பில் கூடி நிற்பவர்க்கு இடையே, தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் சொல். எளியவர்மேல் வலியவர் சுமத்தும் பழியை அவ்வெளியவர் சுமந்துகொள்ளவேண்டும் என்பதற்கு இப்பாசுரத்தைச் சான்றாகக் காட்டுவோர் அதன் பொருளைத் தலைகீழாக்குகின்றனர். பரதன் அரசைத் துறந்தவன். பழியைப் பிறர்மேல் ஏற்றும் ஆற்றல் இருந்தும் ஏற்றாதவன்.

அன்றாட வேலையின் நடுவே நோன்பு எங்ஙனம் இயலும் என்பதற்கு எம்பெருமானார் சரிதத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. திருப்பாவையில் கொண்ட ஈடுபாட்டால் திருப்பாவை ஜீயர் என்றே பெயர் பெற்ற அவர், மாதுகரத்துக்கு எழுந்தருளும்போது வீதியில் திருப்பாவையை அனுஸந்தித்துக்கொண்டே நடப்பது வழக்கம். நப்பின்னைப் பிராட்டியை வளையொலிக்க வந்து கதவைத் திறக்க வேண்டும் பதினெட்டாம் பாசுரத்தில் உள்ளம் தோய்ந்து, ஆசாரியரான பெரிய நம்பியின் திருமாளிகை வாசலில் நின்றார். உள்ளிருந்து நம்பியின் திருமகள் அத்துழாய் கைவளை ஒலிக்கக் கதவைத் திறக்க, நப்பின்னையே வந்தாள் என்று மயங்கி விழுந்தார். மகள் ஓடிச்சென்று தந்தையிடம் சொல்ல, அந்தப் பாசுரத்தின் அனுஸந்தானமாக இருக்கவேண்டும் என்று நம்பி உடனே உணர்ந்துகொண்டார். இது திருக்கோட்டியூர் நம்பியின் இல்லத்தில் நிகழ்ந்தது என்று சொல்வாரும் உளர். எங்ஙனமாயினும், பிக்ஷைக்காக ஊர்த்தெருவில் நடந்துகொண்டிருந்த வேளையில் இது நிகழ்ந்தது. ரயிலிலும் பேருந்திலும் நின்றபடி முப்பது பாசுரங்களையும் மனத்துக்குள் சொல்லி முடிக்கும் அடியார்கள் இன்றும் பட்டணத்தில் பலர் உளர். அவர்கள் இவ்வழியில் செல்பவர்களே.

சென்னையின் முன்பனிக் காலத்துக்கு இன்னொரு சிறப்பும் சேர்ந்திருக்கிறது. அது கேட்கும் காலமாகவும் ஆயிற்று. 1927 டிசம்பரில் இந்நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பர் கச்சேரிகள் அதன்வழி வேரூன்றின. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் ராகம் அமைத்துத் தந்தார். மயிலை மாடவீதிகளில் மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் பல்லாண்டுகள் பஜனை செய்து வலம் வந்தார். பேயாழ்வார் அவதரித்த மயிலையும், அவரும் திருமழிசைப்பிரானும் திருமங்கைமன்னனும் மங்களாசாஸனம் செய்த திருவல்லிக்கேணியும் ஒரே பட்டணத்தின் இரண்டு பேட்டைகளாக அமைந்தது இந்நகரின் பாக்கியம். திருப்பாவை உபந்யாஸம் நடவாத பேட்டை இன்று அரிது. கேட்பது நல்லதே; நவவித பக்தியில் சிரவணமே முதலாவது. ஒரே காலையில் இரண்டு உபந்யாஸங்களும் மாலையில் இரண்டு கச்சேரிகளும் கேட்டு, எவருடைய சொல்வன்மை எவருடையதைக் காட்டிலும் மேல் என்று தராசு பிடிப்பதில் மாதம் கழிந்துவிட்டால், கேட்டது செவியோடு நின்றுபோகும். அந்நாளில் வைகுண்ட ஏகாதசி இரவில் நகரத்துத் திரையரங்குகள் விடிய விடிய மூன்று படங்கள் தொடர்ந்து காட்டின. கண் விழிக்கவேண்டும் என்ற விதி அதனால் குறைவின்றி நிறைவேறியது!

இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. நோன்பின் தொடக்கத்தில் விலக்கிய நெய்யும் பாலும் அன்று அக்காரவடிசிலாகத் திரும்பி வருகின்றன. விலக்கிய அணிகளும் ஆடைகளும் திரும்பி வருகின்றன. விட்டது வெறுப்பால் அன்று, அவன் வரும்வரை காத்திருந்ததால் என்பது அன்று தெளிவாகும். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். அந்நேர்த்தியைப் பல தலைமுறைக்குப் பின் எம்பெருமானார் தாமே நிறைவேற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேவித்தபோது, தங்கையின் குறையைத் தீர்த்த தமையனாக அவரை நாச்சியார் அண்ணன் என்று அழைத்தாள் என்பது குருபரம்பரை வரலாறு. கோயில் அண்ணன் என்ற திருநாமம் அதனால் வந்தது. தன் நோன்பைத் தான் முடிப்பதோடு நில்லாமல், முன்னோர் முடிக்காமல் விட்ட நல்ல எண்ணம் ஒன்றைத் தேடி எடுத்து முடித்து வைப்பதும் புதுப்பித்தலே. தந்தை படிக்கவைப்பதாகச் சொல்லியிருந்த ஏழைச் சிறுவன், தாயார் கொடுப்பதாகச் சொல்லியிருந்த திருவிளக்கு எண்ணெய் என இப்படி ஒன்று ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் காத்திருக்கும்.

மாதத்தின் கடைசி நாள் போகி. முன்பெல்லாம் கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்தன. பட்டணத்தில் டயரும் பிளாஸ்டிக்கும் எரியத் தொடங்கின. 2018 ஜனவரி 13ஆம் நாள் போகிப் புகையும் மூடுபனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானப் போக்குவரத்து பல மணி நேரம் தடைப்பட்டது. ஐந்தாம் பாசுரத்தில் ஆண்டாளும் ஓர் எரிப்பைச் சொல்கிறாள். தூய மனத்தோடு மலர் தூவித் தொழுது, வாயால் பாடி, மனத்தால் சிந்தித்தால், முன் செய்த பிழைகளும் இனி அறியாமல் வந்து புகக்கூடியவையும் நெருப்பில் இட்ட பஞ்சு போல் அழியும் என்கிறாள். அந்நெருப்பால் எதிர் வீட்டுக் குழந்தைக்கு மூச்சுத் திணறுவதில்லை.

தை பிறந்ததும் திருமலையில் மார்கழி முழுவதும் திருப்பாவைக்கு இடம்விட்டிருந்த சுப்ரபாதம் மீண்டும் தொடங்கும். பட்டணத்து உபந்யாஸப் பந்தல்கள் பிரிக்கப்படும், நாற்காலிகள் வண்டியேறும். இருபத்தொன்பதாம் பாசுரத்தில் ஆய்ச்சியர், இத்தனை நாள் கேட்டுவந்த பறை உண்மையில் தாம் வேண்டியது அன்று, எப்பிறவிக்கும் உனக்கே ஆட்செய்வதே வேண்டியது என்று தம் கருத்தை வெளியிட்டு, மற்றைய ஆசைகளை மாற்றித் தருமாறு அவனிடமே கேட்கின்றனர். அப்பாசுரமும் அதனை அடுத்த முப்பதாம் பாசுரமும் மார்கழியோடு நின்றுவிடுவதில்லை. நாள்தோறும் திருக்கோயில்களில் சாற்றுமுறையில் சேவிக்கப்படுகின்றன. திருவல்லிக்கேணியில் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் சாற்றுமுறை வரை காத்து நின்று, தீர்த்தமும் சடாரியும் பெற்றுக்கொண்டு பேருந்துக்கு விரைவோர் செவியில் அவை விழுந்துகொண்டிருக்கின்றன.